கை நனைக்காத வீடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓவேலிப் பக்கத்து அந்த எஸ்டேட்டில், ஆராதனை முடிந்து கீழ் லைன் வீடுகளுக்கு இறங்குகிற பாதையில் ஒரு கையில் குடையும் மறு கையில் தூக்குவாளியுமாக ஒரு அம்மாள் போனால் அது இசக்கியம்மாதான். வாளியில் மகனுக்குக் குழம்பு இருக்கும். தோள்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். பாட்டில் அவளுக்கு. பெற்ற மகன் வீட்டுக்குப் போகிறவள் குடிக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டு போவாளா என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவளுடைய பதில்கள் எல்லாம் வேதத்திலிருந்து வரும், அதுதான் கஷ்டம்.

சிலோனிலிருந்து கப்பலேறி வந்த பெற்றோருக்கு இந்த மலையில் பிறந்தவள். பாவாடை தாவணியில் கொழுந்து கிள்ள இறங்கியவள், ரிட்டயர் ஆகும்வரை அதே காட்டில்தான் நின்றாள். ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவோடு நின்றுபோனது. கூப்பிடுகிறவர்கள் எல்லாம் இசக்கியம்மா என்றே கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். பெயர் விஷயத்தில் அவளிடம் இருந்த தாராளம் வேறு எந்த விஷயத்திலும் கிடையாது. பிடித்தால் பிடித்ததுதான். மேஸ்திரி அவள் கூடையில் முற்றின இலை இருக்கிறது என்று ஒருமுறை சொல்லிவிட்டார். மொத்தக் கூடையையும் ரோட்டில் கொட்டி, இலை இலையாகப் பொறுக்கிக் காட்டிவிட்டுத்தான் எடைக்குப் போனாள். அன்றைக்கு லாரி அவளுக்காகக் காத்து நின்றது.

அவளை இவ்வளவு பிடிவாதக்காரி ஆக்கியதில் அவள் புருஷன் சங்கிலிக்கும் பங்கு உண்டு. சங்கிலி கவ்வாத்துக்காரர். செடியைச் சீராக வெட்டுகிற கத்தியை இடுப்பில் செருகினால் அவரைப்போல வேலைக்காரன் கிடையாது. சாயங்காலம் குடித்துவிட்டால் அவரைப்போல எமனும் கிடையாது. அந்த நாட்களில்தான் பாஸ்டர் செலஸ்டின் மலையேறி வந்து, லைனுக்கு மேலே தகரம் வேய்ந்த ஒரு ஜெப வீட்டை ஆரம்பித்தார். இசக்கியம்மா முதலில் போனாள். சங்கிலி பின்னால் போனார், ஞானஸ்நானத்தில் முழுகி எழுந்தார், ஆறு மாதம் நல்ல மனுஷனாக இருந்தார், மறுபடி குடித்தார். பாஸ்டர் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பந்தியிலும் அவருக்கு இலை இல்லை. வீட்டில் இசக்கியம்மா அவருக்குச் சோறு வைத்தாள், ஆனால் கூட உட்கார்ந்து சாப்பிடவில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அடித்துப் பார்த்தார், அசையவில்லை. ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை சங்கிலி நனைந்தபடியே ஜெப வீட்டுக்குள் வந்து, முன்னால் போய் முழங்கால் போட்டு, சத்தம் போட்டு அழுதார். அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு சொட்டு தொடவில்லை.

ஆகவே இசக்கியம்மாவுக்கு ஒன்று திண்ணமாகத் தெரியும். கடவுள் இப்படித்தான் வேலை செய்கிறார். பாவத்தில் இருக்கிறவனை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவனுக்குத் தாங்காமல் போகிறது, திரும்பி வருகிறான். முகத்தைத் திருப்புவதுதான் அன்பு. அவளுக்கு அது பிரசங்கத்தில் கேட்ட பேச்சு இல்லை, தன் வீட்டில் நடந்த காரியம்.

ஒரே மகன் சுஜித். கொழுந்து லாரி ஓட்டினான். வாய் ஓயாமல் கேலி பேசுவான். எடைக்குக் காத்திருக்கும் பெண்கள் அவன் லாரி வந்தால் கால்வலியை மறந்து சிரிப்பார்கள். அவனுக்கு மரவள்ளிக் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் குழம்பும் இருந்தால் வேறு சொர்க்கம் வேண்டாம். முப்பது வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவன், ஒருநாள் கலைமதியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். ஃபேக்டரியில் தூள் சலிக்கிற பெண். பந்தலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்து, புருஷன் அடித்த அடியில் ஒரு காது மந்தமாகிப்போய், அம்மா வீட்டுக்கு வந்தவள். விவாகரத்துக் கேஸ் கூடலூர் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. நடந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். புருஷன்காரன் ஆஜராகாமல் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. கேஸ் முடியும்வரை காத்திருக்க அந்த இரண்டு பேருக்கும் பொறுமை இல்லை. கீழ் லைனில் ஒரு வீட்டைப் பிடித்துக் குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் செலஸ்டின் பேசியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கடவுள் பரிசுத்தர், பாவத்தை அவர் கண் பார்க்காது என்றார். கடவுள் பாவத்தை வெறுக்கிறார், பாவியை வெறுக்கவில்லை என்றார். அதனாலேயே, சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டு இன்னொருவன் மனைவியோடு வாழ்கிறவனுடன் சேர்ந்து சாப்பிடவும் வேண்டாம் என்று வேதம் சொல்கிறது என்றார். சுஜித் பின்வரிசையில் நின்றிருந்தான். பாஸ்டரின் குரல் நடுங்கியது. அவன் சின்னப் பையனாக இருந்தபோது தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். சபையார் ஆமென் சொன்னார்கள். இசக்கியம்மாவின் ஆமென் கொஞ்சம் பிந்தி வந்தது, ஆனால் எல்லோருடையதையும்விடச் சத்தமாக வந்தது. சுஜித் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

அதிலிருந்து அவள் மகன் வீட்டில் கை நனைக்கவில்லை.

போகாமல் இருந்தாள் என்று நினைத்துவிடக் கூடாது. வாராவாரம் போனாள். பாவியை வெறுக்கக் கூடாதல்லவா. குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். குழம்பு வைத்துக் கொண்டுபோனாள். தான் கொடுப்பதை அவன் சாப்பிடலாம், அவன் கொடுப்பதைத் தான் சாப்பிடக் கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவே கூடாது என்று அவளே கோடு போட்டு வைத்திருந்தாள். வீட்டுக்குள்ளும் போக மாட்டாள். வாசலில் ஒரு சிமெண்டுக் கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து, அவன் வாளியைத் திறப்பதற்கு முன் எழுந்துவிடுவாள். பாவத்தையும் பாவியையும் தனித்தனியே பிரிப்பது, கூடையிலிருந்து முற்றின இலையைப் பொறுக்கி எறிவதுபோல லேசான வேலை என்று அந்த மனுஷி நம்பிக்கொண்டிருந்தாள். மகன் வீட்டு டம்ளரில் பாவம் எங்கே முடிகிறது, மகன் எங்கே தொடங்குகிறான் என்று எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது.

கலைமதி ஒவ்வொரு வாரமும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பால் ஊற்றாத கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்து அந்தக் கல்லின் ஓரமாக வைப்பாள்.

"குடிங்க அத்தை. சக்கரை கம்மியாத்தான் போட்ருக்கேனுங்க."

இசக்கியம்மா டம்ளரைத் தொட மாட்டாள். கலைமதி முகத்தையும் பார்க்க மாட்டாள். சுஜித்திடம் லாரியைப் பற்றிப் பேசுவாள், சளியைப் பற்றிப் பேசுவாள், தாகம் எடுத்தால் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடிப்பாள். பக்கத்தில் டம்ளரிலிருந்து ஆவி கிளம்பி, மெலிந்து, நின்றுபோகும். அவள் போன பிறகு கலைமதி அதை முற்றத்தில் ஊற்றிவிடுவாள். அடுத்த வாரம் மறுபடி போட்டுக் கொண்டுவருவாள். வைக்காதே என்று சுஜித் ஒருநாளும் அவளிடம் சொல்லவில்லை.

இசக்கியம்மாவுக்கு வருத்தமே இல்லையா என்றால், இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். அவள் பயமெல்லாம் ஒன்றுதான். மகன் இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் நரகத்தில் வேவான். தான் ஒரு வாய் டீ குடித்து, 'பரவாயில்லை, அம்மாவே ஒத்துக்கிட்டா' என்று அவன் நினைத்துவிட்டால், அவனை நெருப்புக்குள் தள்ளியது தன் கைதான் என்று ஆகிவிடும். சங்கிலி திரும்பி வரவில்லையா. இவனும் வருவான். தாங்காமல் வருவான்.

அவன் வரவில்லை, வியாதிதான் வந்தது. முதலில் சோறு நெஞ்சில் அடைக்கிறது என்றான். வாயு என்று நினைத்துச் சோடா குடித்தான். பிறகு சப்பாத்தி இறங்கவில்லை, பிறகு குழைந்த சோறும் இறங்கவில்லை. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, உணவுக்குழாயில் கட்டி என்றார்கள். கட்டி கரையக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், கரண்டு வைப்பது என்பார்கள். லாரிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு மட்டும் அவன் யாரையும் கேலி பேசவில்லை.

கரண்டு வைத்து வந்த புதிதில் கஞ்சித் தண்ணியும் டீயும் மட்டும் இறங்கியது. ஒரு ஞாயிறு, கலைமதி வழக்கம்போல் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனதும், சுஜித் தன் டம்ளரோடு வாசலுக்கு வந்து அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தான். தோள் எலும்பு ஸ்வெட்டருக்கு மேலே தெரிந்தது.

"அம்மா, ஒரு வாய் என்கூட குடிங்க."

அவள் தோள்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் பெருசா கேக்கலை. கட்டன்தான்."

"கேஸ் முடியட்டும் கண்ணு," என்றாள் இசக்கியம்மா. "அடுத்த வாய்தாவுல முடிஞ்சிரும்னு வக்கீல் சொன்னாரில்ல. பாஸ்டர் ஐயா அவங்க கையாலயே கல்யாணம் பண்ணி வெப்பாங்க. அன்னிக்கு உன்ற பக்கத்துல உக்காந்து, நீ போதும் போதுங்கற வரைக்கும் திங்கறேன்."

"அதுவரைக்கும் எனக்கு எறங்குமா அம்மா?"

அவள் டம்ளரைப் பார்த்தாள். கை ஒரு முறை மடியிலிருந்து எழுந்தது. எழுந்த கையால் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். வீட்டுக்குப் போய், மறுநாளிலிருந்து உபவாசம் இருக்க ஆரம்பித்தாள். மகனுக்கு இறங்காத சோறு அவளுக்கும் வேண்டாமாம். கடவுள் பார்ப்பாராம். அவன் கேட்டது அவள் பட்டினி கிடப்பதை அல்ல, தன்னோடு ஒரு வாய் குடிப்பதை. இத்தனை தெரிந்தவளுக்கு இது தெரியவில்லையே என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆத்திரப்பட்டு என்ன செய்ய, அந்த மனுஷி இரவெல்லாம் முழங்காலில் கிடந்தாள்.

அந்த வாய்தாவுக்கும் புருஷன்காரன் வரவில்லை.

மழை ஆரம்பித்தபோது அவனுக்குத் தண்ணீர் இறங்குவதும் நின்றுபோனது. மறுபடி கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், வயிற்றில் துளை போட்டு டியூப் வைத்து அனுப்பினார்கள். அரைத்த கஞ்சியைப் பெரிய சிரிஞ்சில் உறிஞ்சி டியூப் வழியாகக் கலைமதிதான் விட்டாள். இனி வாய் வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, புரையேறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு அடுத்த ஞாயிறும் இசக்கியம்மா வந்து அந்தக் கல்லில் உட்கார்ந்தாள். கையில் வாளி இல்லை, இனி என்னத்தைக் கொண்டுவர. பாட்டில் மட்டும் இருந்தது. கலைமதி வெளியே வந்தாள். கையில் டம்ளர் இல்லை.

"இன்னிக்கு வெக்கலைங்க அத்தை," என்றாள். "எனக்கு முடியலை. இத்தன நாளு வெச்சேன், ஊத்துனேன். அவரு உள்ள படுத்துட்டு, குடிச்சாங்களா குடிச்சாங்களான்னு கேப்பாரு. நானும் பாதி குடிச்சாங்கன்னு பொய் சொல்லுவேன். இனி பொய் சொல்லக்கூடத் தெம்பு இல்லீங்க."

இசக்கியம்மா டம்ளர் வழக்கமாக இருக்கும் கல்லோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்டர் ஐயாவே எங்க ஊட்டுல சாப்படறாங்க. நீங்க மட்டும் ஏனுங்க அத்தை?"

"எந்தப் பாஸ்டரு?"

"நம்ம செலஸ்டின் ஐயாதான். மொதல்லருந்தே வருவாங்க. புதன்கெழம சாயங்காலம் வந்து ஜெபம் பண்ணிட்டு, இவரு கூட உக்காந்து கப்பை சாப்புட்டுட்டுத்தான் போவாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்கு மேல் லைன்ல பாதிப் பேரு இங்கதான் சாப்புட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

தெரியாது. அன்றைக்கு ஆமென் சொன்ன அத்தனை பேரில், சொன்ன சொல்லைக் காத்தவள் அவள் ஒருத்திதான்.

மழையில் குடையை விரிக்காமலே ஏறிப் போனாள். ஜெப வீட்டை ஒட்டிய அறையில் பாஸ்டர் செலஸ்டின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. அவள் நின்ற கோலத்தைப் பார்த்ததும் துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்க எம் பையன் ஊட்டுல சாப்படறீங்களா ஐயா?"

அவர் மறைக்கவில்லை. "ஆமா இசக்கியம்மா."

"எப்படீங்க?"

"மொத தடவ கண்டிக்கத்தான் போனேன். அந்தப் பொண்ணு தட்டு வெச்சா. வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. இயேசு ஆண்டவர் பாவிங்க ஊட்டுப் பந்தியில உக்காந்தவர்தானே. அவங்களோட சாப்படறாருன்னுதானே அந்தக் காலத்துலயும் அவரைக் கொற சொன்னாங்க. பாவத்த வெறுக்கறவர்தான் அங்க போய் உக்காந்தாரு. அது எனக்கு அன்னிக்கு ராத்திரிதான் ஒறச்சுது."

"அத ஏனுங்க சபையில சொல்லலை?"

பாஸ்டர் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். "சபை மூப்பருங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயம். சொன்னத மாத்திச் சொன்னா சபை செதறிரும்னு பயம். ஓசைப்படாம போயிட்டு வந்தா போதும்னு இருந்துட்டேன்."

"என்கிட்ட மட்டுமாச்சும்..."

"நீங்க அவனப் பெத்த தாய். வாராவாரம் போறீங்க. நீங்க அங்க சாப்படறீங்கன்னுதான் இத்தன நாளும் நெனச்சேன். ஒரு தாய்கிட்டப் போயி, மகனோட சாப்புடுங்கன்னு யாராச்சும் சொல்லணுமா?"

"பெத்ததாலதானுங்க ஐயா நான் சாப்படலை," என்றாள் இசக்கியம்மா. "மத்தவங்களுக்கு என்னங்க. அவன் வெந்தாலும் அவங்களுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தானே அவன் வேகக் கூடாது."

பாஸ்டர் அப்படியே அந்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அவர் அழுவது அவளுக்குக் கேட்டது. அவரும் பாவிதான், கடவுள் அவரையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டு வந்த வழியே இறங்கினாள்.

அந்த வீட்டின் வாசற்படியை அவள் தாண்டியது அன்றைக்குத்தான். உள்ளே இருட்டாக இருந்தது. சுஜித் சுவரோரமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவன் படுக்கைக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அந்தச் சிமெண்டுக் கல். படுத்த நாளிலிருந்து அவன் எங்கேயிருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவள் இப்போதுதான் கண்டாள். பாதி குடித்தாள் என்ற பொய் அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். அடுப்படியில் கலைமதி தனக்காகக் கொஞ்சம் கப்பை வேக வைத்திருந்தாள்.

"எனக்கு ஒரு தட்டுல போடு மதி," என்றாள் இசக்கியம்மா.

அவள் வாயில் அந்தப் பெண்ணின் பெயர் வந்ததே அன்றைக்குத்தான். கலைமதி தட்டில் கப்பையை எடுத்து, நேற்றைய மத்திக் குழம்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். இசக்கியம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜெபம் பண்ணாமல் சாப்பாட்டில் கை வைக்காதவள் அவள். கண்ணை மூடினாள். வார்த்தை வரவில்லை. மூடிய கண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலிலிருந்து, தேய்ந்துபோன குரலில், சபை விலக்கி வைத்த மகன் ஜெபம் பண்ணினான். "ஆண்டவரே, அம்மா சாப்பிடறாங்க. ஸ்தோத்திரம்."

"ஆமென்," என்றாள். இந்த ஆமென் யாருக்கும் கேட்டிருக்காது.

சாப்பிட்டாள். அவன் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பி, அவள் கை தட்டுக்குப் போவதையும் வாய்க்குப் போவதையும், விழுங்கும்போது தொண்டை அசைவதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு வாயும் அவளுக்கு முள்ளாக இறங்கியது. நிறுத்தினால் அவன் பார்ப்பது நின்றுவிடும் என்று நிறுத்தாமல் சாப்பிட்டாள்.

"உப்பு இருக்கா?" என்று கேட்டான்.

"சரியா இருக்கு கண்ணு."

"பொய். இவ எப்பவும் கம்மியாத்தான் போடுவா." உதட்டோரம் பழைய சிரிப்பு கொஞ்சம் வந்துபோனது. பிறகு கலைமதியைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான். "ரெண்டு கட்டன். எனக்கும் ஒண்ணு."

"உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர்..."

"குடிக்கலை. வெக்க மட்டும் வை."

கலைமதி இரண்டு டம்ளரில் கொண்டுவந்தாள். ஒன்றை இசக்கியம்மாவின் கையில் கொடுத்தாள். இன்னொன்றைக் கட்டில் ஓரத்து ஸ்டூலில், அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். இசக்கியம்மா சூட்டோடு சூடாக, கண்ணீரும் மூக்குமாக, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால் ஸ்டூலில் இருந்த டம்ளர் அப்படியே இருந்தது. ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. அவன் அதைத் தொடவில்லை. அவனால் குடிக்க முடியாது. அதைப் பார்க்கக்கூட இல்லை, அம்மாவின் காலி டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவி மெலிந்தது. பிறகு நின்றது. நிறைந்த டம்ளர் கண் முன்னால் ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று இசக்கியம்மாவுக்குத் தெரிந்தது.

சுஜித் அப்படியே கண்ணயர்ந்துவிட்டான். கலைமதி டம்ளரை எடுத்து ஊற்ற வந்தாள். இசக்கியம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "இருக்கட்டும்மா, நாளைக்கும் வர்றேன்," என்றாள்.